முறிவு நாள்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை குணரத்தினம் ஒரு நாள் மட்டும் வேலையற்றவர் ஆவார். பளுதூக்கிகளின் மின்னமைப்பை அறிந்தவர் அந்த இறங்குதுறையில் அவர் ஒருவரே. ஆயினும் அவரை அங்கு அனுப்புவது வெளியிலுள்ள ஓர் ஆளணிக் கம்பெனி. இடைவிடாது வேலை செய்தவர் நிரந்தரம் கேட்கலாம் என்பதனால், கம்பெனி 'முறிவு நாள்' எனப்படும் அந்த ஒரு நாளில் அவருடைய பாஸை வாங்கிக்கொண்டு, மறுநாள் புதியதைக் கொடுக்கும். பழுதென்றால் அந்நாளிலும் அழைப்பார்கள். வாயிற் புத்தகத்தில் பார்வையாளர் என்றெழுதி உள்ளே விடுவார்கள். பதினொரு ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன.

"முறிவு நாளிலையும் வேலை செய்தனீங்கள் எண்டு எழுத்திலை ஏதும் இருந்தால் கொண்டு வாங்கோ" என்று, நிரந்தரம் கோரிச் சென்ற மாதம் போனபோது தொழில் அலுவலகத்தில் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

இம்முறை முறிவு நாளன்று காலையும் இறங்குதுறை அதிகாரி அஸீம் அழைத்தார். குணரத்தினம் சாம்பல்தீவிலிருந்து வந்து சேர்ந்தபோது, அஸீம் புத்தகத்துடன் வாயிலிலேயே நின்றார்.

"கெதியா வாங்க அண்ணன். இரும்புக் கட்டு அந்தரத்தில தொங்குது."

நோக்கம் என்ற கட்டத்தில் 'பார்வை' என்று ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

"அப்ப பார்த்துப்போட்டுப் போறன், சேர். பார்வையாளர் கிரேனைத் தொட ஏலாதுதானே."

"பகிடி விடாதீங்க."

"பகிடி இல்லை. திருத்த வேலை எண்டு எழுதிக் கையெழுத்து வையுங்கோ."

"எழுதினா நாளைக்குக் கம்பெனி பாஸ் தராது. உங்களுக்காகத்தான் சொல்றன்."

"ஓம். பதினொரு வருஷமா எல்லாரும் எனக்காகத்தான் சொல்லினம்."

குணரத்தினம் காவலாளியின் கதிரையில் அமர்ந்தார். கோபமில்லை, முழங்கால் வலித்தது. கப்பல் சங்கூதியது. அஸீமின் தொலைபேசி ஒலித்து ஓய்ந்து, மீண்டும் ஒலித்தது. அவர் அதை எடுக்கவில்லை. பேனையை எடுத்து, 'பார்வை' என்பதை வெட்டி, 'பளுதூக்கி திருத்த வேலை' என்றெழுதி ஒப்பமிட்டார். குணரத்தினம் அப்பக்கத்தைப் படம் பிடித்தபின்னரே எழுந்தார்.

பழுது சிறியது, உப்புக்காற்று அரித்த ஓர் இணைப்பு. இருபது நிமிடத்தில் கட்டு இறங்கியது.

வாயிலில் அஸீம், "நாளைக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார்.

"அதைக் கம்பெனியிட்டைக் கேளுங்கோ, சேர்."

வெளியேறிய நேரத்துக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது. குணரத்தினம் 11.40 என்று தெளிவாக எழுதி, மீண்டும் ஒரு படம் பிடித்துக்கொண்டு, தொழில் அலுவலகத்தை நோக்கி மோட்டார் சைக்கிளைச் செலுத்தினார்.