சீமை இழைப்புளிக்கு ஒரு தகடு

எங்கள் தெரு சொரிமுத்து ஆசாரி கோபப்படாத நாள் தீபாவளி மாதிரி, வருஷத்துக்கு ஒன்றுதான். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் நாங்களும் முதலில் நம்பினோம்.

குற்றாலத்தில் ஒரு வக்கீல் பங்களா. சாரல் விழுந்தால் அதன் பதினெட்டுக் கதவும் உப்பி, நிலையில் இறுகிவிடும். போன வருஷம் இழைக்கப் போன ஆசாரியின் மர இழைப்புளியும் ஈரத்தில் சேர்ந்து உப்பியது. பாதியில் வக்கீல் வேறு ஆளைக் கூப்பிட்டார். இந்தத் தடவையும் தவறினால் பங்களா வேலை போனது போனதுதான்.

அதனால் பங்களாக் காவல்காரன் மாடனிடம் சொல்லிவைத்து, அங்கே முன்பு இருந்த வெள்ளைக்காரர் போட்டுவிட்டுப் போன இரும்பு இழைப்புளியை வாங்கினார். இரும்பு உப்பாதல்லவா? துருவைத் தேய்த்தார். உடைந்த கைப்பிடிக்கு ஈட்டி மரத்தில் புதிது செய்தார். மரத்தைச் சீவுகிற தகடு மட்டும் இல்லை.

செங்கோட்டைப் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது அகலம் அதிகம். கொல்லர் அடித்துத் தந்ததில் திருகாணிக்கான நீள ஓட்டை சேரவில்லை. பட்டணத்துக் கடைக்குக் கடிதம் போட்டார். சீமைச் சாமான் இப்போது வருவதில்லை என்று கார்டு வந்தது. (தபால்காரர்தான் வாசித்துக் காட்டினார். நான் கேட்கவில்லை.)

சாரலுக்கு ஒரு வாரம் இருக்கையில், தென்காசிச் சந்தையில் மாடன் எதிர்ப்பட்டான்.

"ஏலே, தகட்ட எங்கன வித்துத் தின்னே?"

"அத முன்னாடியே பொட்டலமாக் கட்டி வீட்டுல..."

"களவாணிப் பயலே!"

முடிக்க விடவில்லை. கன்னத்தில் ஓர் அறை. கருவாட்டுக் கடை வரை கேட்டது.

அதே சூட்டில் வீட்டுக்கு வந்தார். மனைவி பேராச்சி தோசைக்கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கையில் பளபளவென்று ஒரு தகடு. நடுவில் நீள ஓட்டை.

"ஏட்டி, இது ஏது?"

"பங்குனில மாடன் தந்தான். நீங்க ஊர்ல இல்ல."

"என் பெட்டில போட்டா என்ன கேடு?"

"பொம்பள பெட்டியத் தொட்டா உளி மழுங்கிரும்னு கல்யாணமான அன்னைக்கே குதிச்சது யாரு? தகடு தேடுதேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியளா?"

பாத்திரங்கள் உருண்டன. யார் எறிந்தது என்பது எங்கள் பக்கச் சுவருக்குத் தெரியவில்லை.

தகட்டைத் தீட்டிப் பூட்டியதும் இழைப்புளி வெங்காயத் தோல் போலச் சீவியது. முதல் சாரலன்று ஆசாரி குற்றாலம் போனார். பங்களா கேட்டில் பூட்டு. உள்ளே குடையும் கையுமாக மாடன்.

"தகடு கிடைச்சிட்டுல்லா? களவாணி காக்குத வீட்டுல உமக்கு என்ன சோலி?"

"தப்புதாம்லே. கேட்டத் தொற!"

"அடிச்சது சந்தைல. தப்புன்னு இங்கன நின்னு முணங்குனா?"

நனைந்துகொண்டே அரைமணி நேரம் திட்டிப் பார்த்தார். பூட்டு அசையவில்லை. கடைசியில் இருவரும் ஒரே பஸ்ஸில், முகம் பாராமல், தென்காசிச் சந்தைக்கு வந்தார்கள். கத்தரிக்காய்க் குவியல் பக்கத்தில் நின்று ஆசாரி கத்தினார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க! மாடன் களவாணி இல்ல! தகடு என் வீட்டுலதான் கிடந்தது! போதுமாலே?"

"கருவாட்டுக் கடைக்குக் கேக்கல."

ஆசாரி பல்லைக் கடித்தார். பிறகு இன்னும் உரக்கக் கத்தினார். மாடன் மடியிலிருந்து சாவியை எடுத்தான்.

பதினெட்டுக் கதவும் இழைத்தாயிற்று. பேராச்சி மட்டும் இன்னும் அடுப்பில் தோசைக்கல்லை ஏற்றவில்லை. பிடுங்கின தகட்டுக்குப் பதில் தகடு வந்தாக வேண்டுமாம். ஆசாரி செங்கோட்டை இரும்புக் கடைக்குப் போயிருக்கிறார், முனகிக்கொண்டே.