காலை விடாத பூட்ஸ்

செஞ்சிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த கோவிந்தராஜ், தொண்டூரில் பெண் பார்க்கப் போவதற்காகவே மெட்ராசில் தோல் பூட்ஸ் வாங்கியிருந்தான். முந்தின நாள் மழையில் அது தொப்பலாக நனைந்துவிட்டது. அவனோ அவசரக்காரன். அடுப்போரம் வைத்து வாட்டி எடுத்தான். காலையில் பார்த்தால் பூட்ஸ் வறட்டி மாதிரி விறைத்து, ஒரு சுற்றுச் சிறுத்துப் போயிருந்தது. பவுடரைக் கொட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் திணித்தான். எப்படியோ உள்ளே போய்விட்டது. அந்த வெற்றியோடு டெரிலின் சட்டையை மாட்டிக்கொண்டு, பாவாடை என்ற தன் தாய்மாமனுடன் பஸ் ஏறினான்.

பெண் வீட்டு வாசலில்தான் விஷயம் தெரிந்தது. பூட்ஸ் கழலவில்லை.

"உள்ள வாங்க தம்பி" என்று பெண்ணின் அப்பா பொன்னுசாமி கும்பிட்டார்.

"இருக்கட்டுங்க. இங்கயே காத்து நல்லா வருது."

வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

பாவாடை காதோரம் குனிந்தார். "இன்னாடா?"

"கழல மாட்டேங்குது மாமா."

மாமா தரையில் உட்கார்ந்து பூட்ஸைப் பிடித்து இழுத்தார். பூட்ஸோடு மருமகனும் வந்தான். பொன்னுசாமி ஓடிவந்து அவனை அக்குளில் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தார். தெரு கூடிவிட்டது.

"வெயில்ல காலை நீட்டச் சொல்லுங்க" என்றார் ஒருவர்.

"வெயிலா? இன்னும் இறுகிப்பூடும்!"

பெண்ணே வந்துவிட்டாள். வசந்தா. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, ஒரு கையில் ஈரத்துணி, மறு கையில் விளக்கெண்ணெய்க் கிண்ணம்.

"அடுப்புல காய வெச்சீங்களா?"

"லேசாத்தான்" என்றான் கோவிந்தராஜ்.

"கிணத்துல தண்ணி எறைக்கிற கவலைத் தோல் பைய இப்படி வாட்டினா எங்க நைனா சும்மா விடமாட்டாரு. தோலு நெழல்ல, தன்னாலதான் காயணும்."

ஈரத்துணியைப் பூட்ஸின் மேல் சுற்றினாள். தோல் ஊறி இளகும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். காபி வாசலுக்கே வந்தது. பிறகு கணுக்காலோரம் எண்ணெய் விட்டாள். கொஞ்சம் தாராளமாகவே விட்டுவிட்டாள்.

"இப்ப இழுங்க."

பாவாடை தம் கட்டி இழுத்தார். பூட்ஸ் வழுக்கிக்கொண்டு வர, அதோடு மல்லாந்து மாட்டுக் கழுநீர்த் தொட்டிக்குள் போய் விழுந்தார். இன்னொரு காலைத் தொட்டியில் இருந்தபடியே நீட்டச் சொல்லி உருவினார். வசந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்த கோவிந்தராஜுக்குக் காலில் வலி இருந்ததே மறந்துபோயிற்று.

"உள்ள வைக்கோல் அடைச்சு வெக்கறேன். அப்பதான் உருவம் கெடாது. காஞ்சதும் எண்ணெ தடவணும். இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

பாவாடை வேட்டியைப் பிழிந்துகொண்டே முறைப்படி ஆரம்பித்தார். "வீட்டுல கலந்து பேசிட்டு..."

"பேச இன்னா இருக்குது மாமா? எனக்குச் சம்மதம்!" என்றான் கோவிந்தராஜ்.

பொன்னுசாமி மகளைப் பார்த்தார். அவள் பூட்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். எண்ணெய்க் கறை பட்டுப்புடவையெல்லாம் ஆயிற்று.

பஸ்ஸுக்கு வெறுங்காலோடு கிளம்பினான் கோவிந்தராஜ். உச்சிவெயிலில் மண் கொதித்தது. அவன் குதித்துக் குதித்துப் போவதைப் பார்த்து, மாப்பிள்ளைக்கு ரொம்பத்தான் சந்தோஷம் என்று தெருவே பேசிக்கொண்டது.