வலப்பக்கம் ஒதுங்குகிற நாள்

மர்டோ மெக்காஸ்கிலால் மன்னிக்கவே முடியாத ஆட்கள் உலகத்தில் ஒரே வகைதான். ஒற்றைப் பாதையில் வலப்பக்கத்து ஒதுங்குமிடத்துக்குள் வண்டியை நுழைப்பவர்கள். கொலை செய்தவனுக்குக்கூட ஏதாவது காரணம் இருக்கும், இவனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்.

அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. சதர்லாந்தின் கடற்கரைச் சாலையில் ஒரு வண்டி போகத்தான் இடம். எதிரே ஒருவன் வரும்போது, வெள்ளைக் கம்பம் நட்ட ஒதுங்குமிடம் உன் இடப்பக்கம் இருந்தால் உள்ளே போ. வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேராக உன் ஓரத்திலேயே நில். வருகிறவன் அதற்குள் வளைந்து உன்னைத் தாண்டிப் போய்விடுவான். போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவான். நீயும் தூக்கு. அவ்வளவுதான். கோடையில் வாடகை வண்டியில் வந்து இறங்கும் மகாராஜாக்களுக்குத்தான் இது விளங்காது.

"வந்துட்டான் பாரு டோலினா, மாடு வைக்கப்போருல தலைய விடுற மாதிரி விடுறான்" என்று மர்டோ கறுவுவார்.

"உனக்கு ரத்தக் கொதிப்பு வந்தா அவனா மாத்திரை வாங்கித் தருவான்? சும்மா ஓட்டுய்யா" என்பாள் டோலினா.

முப்பத்தோரு வருஷம் அந்தச் சாலையில் தபாலையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றிப் போகும் தபால் பஸ் ஓட்டியவர் மர்டோ. ஓய்வு பெற்ற மறு வாரமே படுக்கையும் அடுப்பும் வைத்த வீட்டு வண்டி ஒன்றை வாங்கிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் உல்லாபூலில் கிளம்பி, கடலை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டே வடக்கே டர்னஸ் மணல்வெளி வரைக்கும் போவார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கெட்டில் தேநீரும், வேறென்ன வேண்டும்.

போன அக்டோபரில் டாக்டர் சொன்னார், மறதி நோய் ஆரம்பித்திருக்கிறது என்று. மர்டோ எழுந்து வெளியே வந்தார். கார் நிறுத்துமிடத்தில் வைத்து டோலினாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சத்தியம் பண்ணு. என்னைக்கு நான் வலப்பக்கம் ஒதுங்குறேனோ, அன்னைக்கு சாவிய வாங்கிடு. கத்துவேன், கெஞ்சுவேன், உன் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவேன். திருப்பிக் கொடுத்திடாத."

"என் குடும்பத்தத் திட்டாத நாள் எது?" என்று அவள் சிரித்தாள். சிரித்தபடியே சத்தியமும் செய்தாள். அந்த நாள் வராது என்றுதான் மனசுக்குள் நினைத்தாள், பாவி மனுஷி.

ஓட்டலாமா கூடாதா என்று லைசென்ஸ் அலுவலகத்தில் ஜூனில் சோதனை வைத்துச் சொல்வதாக இருந்தார்கள். அதுவரை அப்பா வண்டியைத் தொடவே கூடாது என்று இன்வர்னஸிலிருந்து மகள் ஊனா போனில் சண்டை போட்டாள். "ஒரே ஒரு சுத்து, டர்னஸ் வரைக்கும்" என்று மே பிறந்ததும் மர்டோ கேட்டார். டோலினா சரி என்றுவிட்டாள்.

ஸ்கௌரி ஊரைத் தாண்டி, மஞ்சள் பூத்த முட்புதர்களுக்கு நடுவே சாலை மேடேறும் இடம். எதிரே சிவப்புத் தபால் வேன் இறங்கி வந்தது. ஒதுங்குமிடம் வலப்பக்கம் இருந்தது. மர்டோ இடது ஓரத்தில் நிற்கப் போகிறார் என்று டோலினா கெட்டிலைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நிற்கவில்லை. சாவகாசமாகச் சாலையைக் குறுக்கே வெட்டி, வலப்பக்கத்துக்குள் போய் நின்றது. மர்டோ விசிலடித்துக்கொண்டிருந்தார்.

வேனில் இருந்தது மைரெட். மர்டோவிடம் தொழில் பழகியவள். டூரிஸ்ட்டாக இருந்தால் ஹாரனை அழுத்திக் காதைக் கிழித்திருப்பாள். இப்போது ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு மெதுவாகக் கடலோரமாக ஊர்ந்து வந்து, கண்ணாடியை இறக்கினாள்.

"அண்ணே, சௌக்கியமா?" என்றாள். அவள் கண் டோலினாவைத்தான் பார்த்தது. விரலைத் தூக்கிவிட்டுப் போய்விட்டாள். அவள் ஹாரன் அடித்துத் திட்டியிருந்தால்கூட டோலினாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

டர்னஸுக்கு இன்னும் இருபத்தைந்து மைல்தான். பார்க்காததுபோல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? பாழாய்ப்போன சத்தியத்தை எதற்குச் செய்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு கையை நீட்டினாள்.

"மர்டோ, சாவியக் குடு."

"எதுக்கு?"

"வலப்பக்கம் ஒதுங்கிட்ட."

"யாரு, நானா?" மர்டோ சிரித்தார். வெள்ளைக் கம்பம் அவருடைய ஜன்னலை ஒட்டி, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது. அதைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "அவ... அவ அப்படி வந்தா, நான் என்ன பண்றது?"

"அவ சரியாத்தான் வந்தா."

"ஊனா சொல்லிக் குடுத்தாளா? அம்மாவும் மகளுமாச் சேர்ந்து என்னைக் குழிக்குள்ள தள்ளப் பாக்குறீங்களா? உங்க வம்சத்துல எவனுக்காவது கைவண்டி தள்ளத் தெரியுமா? முப்பத்தோரு வருஷம்டி! ஒரு கீறல் உண்டா?"

"இல்ல. ஒரு கீறல்கூட இல்ல" என்றாள் டோலினா. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீட்டிய கையை மட்டும் அவள் மடக்கவில்லை.

"தரமாட்டேன். போடி."

அப்போது முன்னால் மேட்டில் மரம் ஏற்றிய லாரி ஒன்று தெரிந்தது. பின்னால் இரண்டு கார்கள் வந்து நின்றன. ஒரு கார்க்காரன் ஹாரன் அடித்தான். மர்டோவின் முகம் சிவந்தது. கோபத்தால் இல்லை, வெட்கத்தால்.

"வழிய மறிச்சுட்டு நிக்கிறோம். ஒதுங்குற இடத்துல நின்னுக்கிட்டு சண்டை போடுறவன் மனுஷனா?" என்று முனகினார். சாவியை உருவி அவள் உள்ளங்கையில் வைத்தார். "சீக்கிரம் எடு. லாரி வருது."

டோலினா இடம் மாறி உட்கார்ந்து வண்டியை எடுத்தாள். மர்டோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பத்து மைல் வண்டி ஓடியது. அவருடைய தோள் குலுங்குவதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள், பார்க்காதவள்போலவே ஓட்டினாள்.

ரைகானிக் ஊரைக் கடந்ததும் எதிரே ஒரு கார். ஒதுங்குமிடம் வலப்பக்கம். டோலினா இடது ஓரத்தில் அசையாமல் நின்றாள். கார் உள்ளே வளைந்து தாண்டிப் போனது. மர்டோவின் விரல் தானாக மேலே எழுந்தது. அவர் அவள் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபத்தின் சுவடே இல்லை.

"பரவாயில்லையே, நல்லா ஓட்டுற" என்றார். "டோலினா, ஒண்ணு கேப்பேன், செய்வியா?"

"சொல்லு."

"என்னைக்காவது நான் வலப்பக்கம் ஒதுங்கினா, சாவிய எங்கிட்ட இருந்து வாங்கிடு. கத்துவேன், கெஞ்சுவேன். விட்டுடாத. சத்தியம் பண்ணு."

டோலினாவுக்குச் சாலை மங்கியது. இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து அவர் நீட்டிய கையில் வைத்தாள்.

"சத்தியம்" என்றாள்.