நாலு குடித்தன வீட்டின் ஆடி மாதம்

தவளக்குப்பம் கூட்டுரோட்டுக்குக் கிழக்கே சுப்பராயலு செட்டியாருக்கு இருந்த நாலு குடித்தன வீடு, ஒரு குடித்தனம் காலியானால் தரையை விட்டு ஒரு சாண் எழும்பும். இரண்டு காலியானால் ஒரு முழம். 1972 வைகாசியில் அதை விற்க வந்தபோது செட்டியார் எதையும் மறைக்கவில்லை. கோடையில் கிணறு வற்றும், மேற்குப் பக்கம் ஓடு ஒழுகும், ஆள் இல்லாவிட்டால் வீடு எழும்பும் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். ஒழுகலுக்கு நூறும் எழும்புவதற்கு ஐந்நூறும் தள்ளி, எட்டாயிரம் என்று விலை வைத்தார்.

வாங்க வந்தவள் கனகாம்பாள். நல்லவாடு கடற்கரையில் பிறந்தவள். கூட்டுரோட்டில் கருவாடு விற்றுச் சேர்த்தவள். அவள் ஜனத்தில் யாரும் அதுவரை வீட்டை வாடகைக்கு விட்டதில்லை. மீனுக்குச் செவுள் தூக்கிப் பார்ப்பதுபோல அவள் வீட்டைப் பார்த்தாள். ஓடுகளை எண்ணினாள், கிணற்றில் வாளி விட்டாள், குடியிருந்தவர்களிடம் தனித்தனியாகப் போய் எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள், வாடகை எந்தத் தேதியில் கொடுப்பீர்கள் என்று விசாரித்தாள். ஒரு குடித்தனத்தில் தான் இருந்துகொண்டு மற்ற மூன்றை இருபத்தைந்து ரூபாய்க்கு விட்டால் மாதம் எழுபத்தைந்து. கூட்டுறவுச் சங்கத்தில் நாலாயிரம் கடன் வாங்கினால் தவணை ஐம்பத்தைந்து. மிச்சம் இருபது, வரிக்கும் வெள்ளையடிப்புக்கும். மீதி நாலாயிரத்துக்கு நகைகளை விற்று செட்டியாரிடம் கொடுத்தாள். ஆடி முடிவதற்குள் சங்கக் கடன் வந்து கிரயம் ஆகாவிட்டால் அந்தப் பணம் திரும்பாது என்று ஒப்பந்தம் எழுதினார்கள்.

அவள் புருஷன் வீரப்பன் கட்டுமரத்தில் போகிறவன். “பகலெல்லாம் கடல்ல மெதக்குறது பத்தாதா? வூட்டுக்கு வந்தும் மெதக்கணுமாடி?” என்றான்.

“கடலு உனக்கு வாடக குடுக்குதாயா? இது குடுக்கும்” என்றாள் கனகாம்பாள்.

ஒரு குடும்பம் காலி செய்து கொடுத்த இடத்தில் ஆனி மாதம் குடியேறினார்கள். கணக்கில் இருந்த பிழை அந்த மாதக் கடைசியில்தான் தெரிந்தது. பஸ் கண்டக்டர் காரைக்காலுக்கு மாற்றலாகிப் போனார். மில் தொழிலாளி அரியாங்குப்பத்தில் மச்சான் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். போகிறவர்கள் ஆடி பிறப்பதற்குள் போய்விடுவார்கள். ஆடியில் யாரும் புது வீட்டுக்குக் குடி வர மாட்டார்கள். இது கனகாம்பாளுக்குப் பால்குடி மறந்த நாளிலிருந்து தெரியும். ஆனால் வாடகைக் கணக்குப் போட்டபோது பன்னிரண்டு மாதத்தையும் ஒரே மாதிரி மாதமாக நினைத்துவிட்டாள். ஆடி முதல் தேதி காலையில் வீடு ஒரு முழ உயரத்தில் நின்றது. கோழிகள் அடியில் புகுந்து நிழலில் படுத்தன.

வீரப்பன் நங்கூரக் கயிற்றைக் கொண்டுவந்து நாலு மூலையையும் தென்னை மரங்களோடு கட்டினான். வீடு ஆடாமல் நின்றதே தவிர இறங்கவில்லை. உப்பு மூட்டைகளை ஏற்றிப் பார்த்தார்கள். வீடு உப்பை ஆளாக எடுத்துக்கொள்ளவில்லை. சொத்தைப் பார்வையிட சங்கத்திலிருந்து வந்த தணிகைவேல் குனிந்து அடியில் பார்த்தார், கோழிகளைப் பார்த்தார், கடன் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். “அடமானத்துக்குத் தரையில நிக்கிற வூடு வேணும்மா. காத்துல நிக்கிறத எழுத இதுல எடமில்ல. மாசக் கடைசியில ஒரு தடவ வரேன். அப்பவும் இப்படியே இருந்தா என்னால ஒண்ணும் முடியாது” என்றார்.

கனகாம்பாள் அன்று கூடையை எடுக்கவில்லை. போனது நகை மட்டுமல்ல. இருபது வருஷம் வெயிலில் உட்கார்ந்து கருவாடு விற்றதும்தான். ஏறி இறங்க வாசலில் சாத்தியிருந்த ஏணியடியில் அவள் உட்கார்ந்திருந்தபோது, மிச்சமிருந்த ஒரே குடித்தனக்காரி, தையல்காரர் மனைவி தெய்வநாயகி வந்தாள். அவள் மகள் வசந்தாவுக்குத் தையில் கல்யாணம் ஆகியிருந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீடு அழைத்து வர வேண்டும். ஒற்றை அறையில் படுக்க இடமில்லை.

“யக்கா, பக்கத்து போர்ஷன் சும்மாதான கெடக்குது. எம்பொண்ணு ஒரு மாசம் படுத்துக்கட்டுமா?”

“ஆடியில யாருடி குடி வருவா?”

“குடி எங்க வரா? ஆயி வூட்டுக்குத்தான வரா!”

வசந்தா பெட்டியோடு ஏணியில் ஏறி உள்ளே போனாள். வீடு நாலு விரற்கடை இறங்கியது. கனகாம்பாள் அதைக் கண்ணால் பார்த்தாள். உடனே எழுந்து, தெருத் தெருவாகப் போய், எந்த வீட்டில் புதுப்பெண் வந்திருக்கிறாள், எந்த வீட்டில் இடம் போதவில்லை என்று கேட்டாள். தவளக்குப்பத்திலிருந்தும் நல்லவாட்டிலிருந்தும் பெண்கள் பாயும் தலையணையுமாக வந்தார்கள். செட்டியார் தம்பி மகள் கூட வந்தாள். ஒவ்வொருத்தி நுழையும்போதும் வீடு இறங்கியது. வீரப்பன் அடியிலிருந்து கோழிகளை விரட்டினான். வாரம் முடிவதற்குள் வாசல்படி மண்ணில் உட்கார்ந்துவிட்டது. கனகாம்பாள் ஒருத்தியிடமும் வாடகை கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

அந்த மாதம் வீடு முழுக்கச் சிரிப்புச் சத்தமாக இருந்தது. மாப்பிள்ளைகள் சைக்கிளில் வந்து தெருமுனையில் மணியடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒரு மாப்பிள்ளை மட்டும் கொல்லைப்புறமாக ஏறினான். மேற்குப் பக்கம் ஒரு விரல் மண்ணில் புதைந்து, எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. “இன்னா மாப்ள, மடுகரையிலருந்து தண்ணி குடிக்கவா இவ்ளோ தூரம்?” என்று தெய்வநாயகி சத்தமாகக் கேட்டாள்.

தணிகைவேல் மாசக் கடைசியில் வந்தார். ஒரு தபால் கார்டை எடுத்து வாசல்படிக்கும் தரைக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தார், நுழையவில்லை. நாலு மூலையிலும் பார்த்துவிட்டு, “குடியிருக்கிறவங்க?” என்று கேட்டார். “எங்க பொண்ணுங்க” என்றாள் கனகாம்பாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். சங்கக் கடன் வந்து, ஆடி கடைசி நாளில் கிரயம் பதிவானது. ஆவணியில் பெண்கள் புருஷன் வீடு திரும்ப, அதே வாரம் புதுக் குடித்தனங்கள் வந்தன. புறப்பட்டபோது ஒவ்வொருத்தி கையிலும் கனகாம்பாள் ஒரு பொட்டலம் வஞ்சிரக் கருவாடு கொடுத்தாள். “பூனை இருக்குது, பத்திரம்” என்று மட்டும் சொன்னாள்.

அதன்பிறகு அவள் ஆடியையும் மார்கழியையும் தள்ளி வருஷத்துக்குப் பத்து மாதம் என்று கணக்கு வைத்தாள்; கணக்கு ஒருநாளும் தவறவில்லை. ஒவ்வொரு ஆடியிலும் காலி இருக்கிறதோ இல்லையோ, இடம் கேட்டுக் கடுதாசி வந்தது. வசந்தாவின் பிள்ளைகள் அந்த வீட்டில்தான் தவழ்ந்தார்கள். 1984இல் கடன் அடைந்தது. மறுவருஷம் கனகாம்பாள் மருமகளின் பிரசவத்துக்காகக் கடலூர் போய் ஒரு மாதம் இருந்தாள். வீட்டில் ஆள் குறையவில்லை. நாலு குடித்தனமும் நிறைந்திருந்தது. ஆனாலும் வீடு இரண்டு விரற்கடை எழும்பியது. குடியிருந்தவர்கள் வாசலில் ஒரு செங்கல்லைப் போட்டு ஏறி இறங்கினார்கள். அவள் திரும்பி வந்த அன்று சாயங்காலம் செங்கல்லை எடுத்து ஓரமாக வைத்தார்கள்.