மூணாம் நம்பர் கூண்டு

எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் காணாமல் போனதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் கார் ரேஸ் நடக்கும் மண் டிராக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். என் கொழுந்தன் புரூனோ சுரங்கப் பட்டறையில் மெக்கானிக். வாராவாரம் ரேஸும் ஓட்டுவான். அவன் காரின் பம்பர் சுரங்கத் தண்டவாளம். கவிழ்ந்தால் நசுங்காமலிருக்கத் தலைக்கு மேலே வளைத்திருந்தது சுரங்கத்து நீராவிக் குழாய். ஊரே சொல்லிச் சிரிக்கும். கம்பெனி தனக்கே தெரியாமல் கொடுத்த நன்கொடை என்று பாதிரியார்கூட ஒருமுறை சொன்னார்.

அந்தக் கோடையில் அவன் ஜெயித்துக்கொண்டே இருந்தான்; ஊருக்கே அதில் பெருமை. ஒரு ஞாயிறு மத்தியானம், எங்கள் கொல்லைக் கொட்டகையில் காருக்கு அடியில் படுத்திருந்தவனுக்கு முட்டைக்கோஸும் சாஸேஜும் கொண்டுபோனேன்.

"அண்ணி, முன்னெல்லாம் வளைவுல வண்டி சாஞ்சு சாஞ்சு உசுர வாங்கும்ல? இப்ப அசைய மாட்டேங்குது. இங்க குனிஞ்சு பாருங்க."

பின் சக்கரத்தருகே சிவப்புப் பெயிண்ட் அடித்த ஸ்பிரிங், என் கை பருமனுக்கு. எங்கேயிருந்து என்று கேட்டேன்.

"மூணாம் நம்பர் கூண்டுலருந்து."

ஆட்களைக் குழிக்குள் இறக்கும் கூண்டு அது. கயிறு அறுந்தால் அந்த ஸ்பிரிங்தான் கூண்டின் இரும்புப் பற்களை உதைத்துக் குழியின் பக்கவாட்டு மரச்சட்டத்தில் பதிய வைக்கும். கூண்டு அந்தரத்தில் நிற்கும். அது இல்லையென்றால் நேரே அடியாழத்துக்குத்தான்.

"அதுல மனுசங்க எறங்குறாங்கடா."

"கயிறு புதுசு அண்ணி. சீசன் முடிஞ்சதும் மாட்டிடுவேன். ஏன் இப்படிப் பாக்குறீங்க? அண்ணனுக்கே தெரியும்."

என் புருஷன் ஆல்பின் பத்து நாள் முன்னால்தான் இருமல் என்று சொல்லிக் குழி வேலையை விட்டு மேலே கரி உடைக்கும் ஆலைக்கு மாறியிருந்தார். நானும் அதை நம்பி, இருமலுக்குத் தேனும் விஸ்கியும் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போனேன். பீட்ரூட் சூப் குடித்துக்கொண்டிருந்தார். இருமலா, ஸ்பிரிங்கா என்று கேட்டேன்.

"ரெண்டும்தான்" என்றார், கரண்டியை வைக்காமல்.

"ஜோ குட்ரிக் தெனம் அதுல எறங்குறான். நம்ம புள்ளைக்கு ஞானத்தகப்பன். அவன்கிட்டயாவது சொன்னீங்களா?"

"கூடப்பொறந்தவனைக் காட்டிக்கொடுக்கச் சொல்றியா? வண்டி ஜெயிச்சிட்டிருக்குடி."

வாயோரம் சிவப்பாக வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். நான் ஊற்றவில்லை. ஜோவின் மனைவி ஹெலன் வீட்டுக்கு நடந்தேன். முதலில் அவள் நம்பவில்லை. பிறகு ஜோவைக் கூப்பிட்டாள்.

திங்கள் காலை குழி வாயில் ஜோ தன் தண்ணீர் கேனைத் தரையில் கவிழ்த்தான். எங்கள் பக்கம் ஒருவன் தண்ணீரைக் கொட்டிவிட்டால் அன்று யாரும் இறங்கமாட்டார்கள். ஒவ்வொருவராகக் கொட்டினார்கள். அதிகாரி காரணம் கேட்டதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாயங்காலமே எங்கள் கொல்லைக்கு நாலு பேர் வந்து ஸ்பிரிங்கைக் கழற்றி எடுத்துப்போனார்கள். மறுநாள் கூண்டு சரியாகிவிட்டது. கம்பெனி காதுக்கு எதுவும் போகவில்லை. புரூனோவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புதன்கிழமை மதுக்கடையில் அவனுக்கு பீர் வாங்கிக்கொடுத்தது ஜோ என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து ஹெலன் என் கதவைத் தட்டினாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து உட்காரச் சொன்னேன். வாசலிலேயே நின்றாள்.

"நேத்து புரூனோ ஏழாவதாத்தான் வந்தான். வளைவுல வண்டி நிக்கவே இல்லயாம். ஜோவுக்கு ராத்திரி சோறே எறங்கல."

அதற்கு நான் என்ன செய்யட்டும் என்றேன்.

"இல்ல, சீசன் முடிய இன்னும் நாலு வாரந்தானே இருந்துச்சு. அதுவரைக்கும் நீ பொறுத்திருக்கலாம்னு ஜோ சொல்றாரு."

கதவைச் சாத்தினேன்.