மேஸ்திரி தின்னாத பழம்

நேற்றுச் சாயங்காலம் வரை செடிக்குச் செடி தாவித் திரிந்த பூச்சிகளில் இன்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பெலிபா ஸ்ட்ராபெரி இலையைப் புரட்டிப் பார்த்தாள். அடியிலும் இல்லை. பாத்திக்கு நடுவில் டிராக்டர் தடம் மட்டும் புதிதாகக் கிடந்தது.

போன வருஷம் சலினாஸ் ஊருக்குப் பக்கத்துப் பண்ணையில் மருந்தடித்த மறுநாளும் தோட்டம் இப்படித்தான் வெறிச்சென்று இருந்தது. அங்கேதான் ஐந்தாம் மாதத்தில் அவளுக்குக் கரு கலைந்தது. டாக்டர் காரணம் சொல்லவில்லை. அவள் மனசு சொன்னது. இங்கே மருந்தே கிடையாது என்று கேட்டுத்தான் வந்தாள். இப்போது மறுபடியும் நாலு மாதம்.

"மேஸ்திரி, விடியறதுக்குள்ள என்னத்த அடிச்சீங்க?"

பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த எவாரிஸ்தோ நிமிர்ந்தார். "ஒண்ணும் அடிக்கலம்மா. டிராக்டர்ல உறிஞ்சுற மெஷின மாட்டிப் பூச்சிய இழுத்துட்டோம்."

"ஆமாமா. கைதட்டிக் கூப்பிட்டிருப்பீங்க, வரிசையா வந்து வண்டில ஏறியிருக்கும்."

"டிக்கெட்டும் கிழிச்சிருப்பாரு, கேளுடி," என்று அடுத்த பாத்தியிலிருந்து நிக்கனோரா சிரித்தாள்.

பெலிபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வந்த மூன்று வாரமாக அவள் ஒன்றைக் கவனித்து வருகிறாள். பறிக்கிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று வாயில் போட்டுக்கொள்வார்கள். மேஸ்திரி மட்டும் போடமாட்டார். சாப்பாட்டு வேளையில் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகுதான் தோர்த்தியா ரொட்டியைத் தொடுவார். விஷம் இருப்பது தெரிந்தவன்தானே அப்படிக் கழுவுவான்?

ஒரு பழத்தைப் பறித்து நீட்டினாள். "இதத் தின்னுங்க."

"எனக்குப் புடிக்காது."

"தின்னா வேலை பாக்குறேன். இல்லன்னா கிளம்புறேன்."

"பைத்தியமாட்டம் பேசாத."

தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு நடந்தாள். பாத்தி முடிகிற இடத்தில் எவாரிஸ்தோ மூச்சிரைக்க வந்து மறித்தார்.

"நில்லு தாயி. நான் வேற பண்ணைல பன்னெண்டு வருஷம் மருந்து வண்டி ஓட்டுனவன். மூக்குல ரத்தம் கொட்டித்தான் அந்த வேலைய விட்டேன். இங்க ஒண்ணும் அடிக்கலன்னு எனக்கு நல்லாத் தெரியும். இருந்தும் கை வாய்க்குப் போக மாட்டேங்குது."

"நீங்க சொல்றத நான் எப்படி நம்புறது? தின்னுங்க."

அவர் பழத்தை வாங்கினார். சட்டையில் துடைத்தார், இன்னொரு தரம் துடைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டு, கஷாயம் குடிக்கிறவரைப் போல விழுங்கினார்.

"போதுமா?"

பெலிபா திரும்பிப் போய் வண்டியை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்துப் பாத்தியில் குனிந்தாள். சாயங்காலம் வரை, நிமிர்ந்தபோதெல்லாம் அவர் மூக்கையே பார்த்தாள்.