புளிக்குழம்புக்கு ஒரு திருத்தம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது என்று எழுத ஆசைதான், எடுப்பாக இருக்கும். ஆனால் நான் பொய் எழுதவில்லை. எழுதியது அத்தனையும் உண்மை. ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதாமல் விட்டேன். அந்த வாக்கியத்துக்காகத்தான் இப்போது இத்தனை பக்கம்.

என் பெயர் வெங்கிடாசலம். கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த தமிழன். அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மிளகு மண்டி வேலைக்கு வந்தவர். நான் வல்லார்பாடம் துறைமுகத்தில் கண்டெய்னர் ஆவணங்களைச் சரிபார்க்கிறேன். தாளில் எழுதியிருப்பதும் பெட்டிக்குள் இருப்பதும் ஒன்றா என்று பார்க்கிற வேலை. மாதம் ஒருமுறை, எர்ணாகுளத்துத் தமிழர்கள் சிலர் நடத்தும் ஓர் இணைய இதழில் 'போகலாமா?' என்று ஒரு பத்தி எழுதுகிறேன். ஹோட்டல், சாயாக்கடை, கள்ளுக்கடை எதுவானாலும் போய்ச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசி வரியில் 'போகலாம்' அல்லது 'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் தீர்ப்பு. புனைபெயர் நாவுக்கினியான். (சிரிக்காதீர்கள். வைத்துக்கொண்டபோது பொருத்தமாகத்தான் பட்டது.)

என் வாசகர்கள் மொத்தம் இருநூறு பேர் இருப்பார்கள். அதில் பாதிப் பேர் உறவு. என் தீர்ப்பால் யார் வீட்டு அடுப்பும் அணையாது என்றுதான் நினைத்திருந்தேன்.

2

முதல் தொடக்கம்:

'மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகளுக்குப் பின்னால், சுக்கு வாசனையும் காயல் காற்றும் கலந்து வீசும் ஒரு சந்தில்—'

இது சுற்றுலாக் கையேடு. நிறுத்திவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்:

'அடுப்பின் முன் நின்ற கற்பகம், தன் வாழ்க்கையை நினைத்து ஒரு பெருமூச்சு—'

கற்பகம் பெருமூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. நான் அவரைப் பார்த்ததே மொத்தம் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். (முதல் வரைவில் 'அவள்' என்று எழுதியிருந்தேன். என்னைவிட இரண்டு வயதாவது மூத்தவர். சமையல்காரி என்றதும் கை தானாக 'அவள்' போட்டுவிடுகிறது.)

மூன்றாவது தொடக்கத்தை மனைவி அம்ருதாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் பாலக்காட்டுக்காரி, சுற்றி வளைக்காமல் பேசுவாள்.

"நடந்தத நடந்த மாதிரி எழுதினா போதும் அல்லே?" என்றாள்.

3

நடந்தது இது.

ஜூலை மாதம், ஒரு வியாழக்கிழமை, பகல் இரண்டு மணி. கடைக்கு வெளியே வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில் 'கள்ளு' என்று மலையாளத்தில் எழுதியிருக்கும், வேறு பெயர் கிடையாது. கள்ளுக்கான உரிமம் ஒருவரிடம், அடுக்களை வேறொருவரிடம். அடுக்களையை எடுத்து நடத்தியவர் ரமேஷ்பாபு. அவரிடம் சம்பளத்துக்குச் சமைத்தவர் கற்பகம். பரிமாறியவர் சுதீர்.

அரைக்குப்பி கள்ளும், கப்பை என்கிற அவித்த மரவள்ளிக்கிழங்கும், மத்திக் கறியும் சொன்னேன். கள்ளு வந்தது. கப்பை வந்தது. கறி வருவதற்குள் போன் அடித்தது. அம்ருதாதான்.

"சாப்பிட உக்காந்துட்டேன். எங்கன்னு வந்து சொல்றேன், வை" என்றேன்.

அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சிறிய ஜன்னல் உண்டு. அதில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"தமிழா?"

"ஆமா."

"எந்த ஊருங்க?"

"இங்கதான். அப்பாவுக்குச் சங்கரன்கோவில் பக்கம்."

"அட, நம்ம பக்கம்லா! எனக்குக் கடையம். இந்த ஷாப்புக்கு வந்து மூணு வருசத்துல தமிழ் பேசி ஒரு ஆளு உக்காந்து இப்பத்தான் பாக்கேன். கொஞ்சம் பொறுங்க, ஒங்களுக்கு நானே கொண்டாரேன்."

கொண்டுவந்தார். மற்ற மேசைகளில் எல்லாம் மண்சட்டி. எனக்கு மட்டும் ஒரு சில்வர் கிண்ணம். அதை நான் கவனித்தேன். எனக்குக் கண் கூர்மை, தொழில் அப்படி. 'பாத்திரத்தில்கூட ஓர் ஒழுங்கில்லை' என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்தபோது மறுபடி ஜன்னலில் அந்த முகம். எப்படி இருந்தது என்று வாய்விட்டுக் கேட்கவில்லை, புருவத்தைத் தூக்கினார். நான் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். நன்றாக இருந்தது என்றும் எடுத்துக்கொள்ளலாம், கள்ளு ஏறிவிட்டது என்றும் எடுத்துக்கொள்ளலாம். விமர்சகன் முகம் காட்டக் கூடாது என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன்.

4

அந்த மாதம் வெளியான பத்தியின் கடைசிப் பகுதியை அப்படியே தருகிறேன்:

'கள்ளுக்கடை மீன்கறி என்றால் குடம்புளி போட்டிருக்க வேண்டும். இங்கே எனக்கு வந்த கறியில் குடம்புளியின் வாடைகூட இல்லை. சாதாரணப் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் வெந்தயமும் தாளித்த தென்மாவட்டத்துக் குழம்பு. அதுவும் சில்வர் கிண்ணத்தில். வீட்டுக் குழம்பைச் சாப்பிட ஒருவன் கள்ளுக்கடைக்கு ஏன் வர வேண்டும்? அசல் எது, போலி எது என்று இந்த அடுக்களைக்குத் தெரியவில்லை. போகலாமா? வேண்டாம்.'

சொற்கள் கச்சிதமாக இருப்பதாக ஆசிரியர் பாராட்டினார். நானும் இரண்டு முறை வாசித்து மகிழ்ந்தேன். இப்போது அதை இங்கே படியெடுக்கும்போது கை கூசுகிறது.

4 (மறுபடியும்)

எழுதாமல் விட்ட வாக்கியத்தை இங்கேயே சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

5

அக்டோபரில் மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். ஏன் போனாய் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் குழம்பு வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் 'வேண்டாம்' என்று சொன்னவன், யாருக்கும் தெரியாமல் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

மண்சட்டியில் கறி வந்தது. சுண்டிய சிவப்பு, அதில் கறுப்பாக ஒரு துண்டு குடம்புளி. அசல் கறிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னலைப் பார்த்தேன். யாரோ ஓர் ஆண் முதுகு தெரிந்தது.

சுதீரைக் கூப்பிட்டேன். "போன தடவை சாப்பிட்ட கறி இது இல்லையே?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அய்யோ சாரே, ஜூலையில வந்த தமிழ் சார் அல்லே நீங்க?"

"ஆமா."

"அது ஷாப்பு கறி அல்ல சாரே. கற்பகம் சேச்சி மத்தியானம் ஊணு சாப்பிடன்னு தனக்கு வெச்ச கறி. நீங்க போன்ல தமிழ் பேசினது கேட்டு, தன்னோட பாத்திரத்தோட எடுத்துக் கொடுத்துட்டா. அன்னைக்கு சேச்சி வெறும் மோரு ஊத்தித்தான் சோறு தின்னா."

பிட்ட கப்பையைத் தட்டில் வைத்தேன். "அவங்க எங்க?"

சுதீர் துண்டால் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். யாரோ ஒரு தமிழன் பத்திரிகையில் எழுதிவிட்டானாம். அதை யாரோ ரமேஷ்பாபுவுக்கு அனுப்ப, அவர் போனில் ஒரு பொத்தானை அமுக்கினாராம். போன் அதை மலையாளத்தில் சத்தமாக வாசித்ததாம், அடுக்களையில் எல்லோரும் கேட்க. போலி என்ற சொல் வந்த இடத்தில் கற்பகம் கரண்டியைக் கீழே வைத்தாராம்.

"சேச்சி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. 'அந்தத் தமிழ் சாரக் கூட்டியாங்க. அவரு கிண்ணத்த வழிச்சுச் சாப்ட்டாரு, அவரா இப்படி எழுதுவாரு? எழுதினவன் எவனோ, சாப்ட்ட மனுசன் வந்து சொல்லுவாரு'ன்னு. உங்க பேரும் தெரியாது, நம்பரும் தெரியாது. எங்க போயி தேடறது? மறுநாள் சேச்சிய வேலைய விட்டு பறஞ்சு விட்டாச்சு. இப்ப இடக்கொச்சியில செம்மீன், அதான் இறாலு, தோலு கிள்ளற ஷெட்டுல வேலை. ஐஸ்ல கெடந்து கையெல்லாம் வெடிச்சுப் போச்சு. எப்ப போன் விளிச்சாலும் கேக்கும், அந்த சார் வந்தாரா, வந்தாரான்னு. நீங்க ஒண்ணு போயி பாருங்க சாரே. சேச்சிக்கு சந்தோஷமாவும்."

"போறேன்" என்றேன்.

எழுதினவனும் சாப்பிட்டவனும் ஒரே ஆள்தான் என்று சுதீரிடம் நான் சொல்லவில்லை.

6

கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் எனக்குச் சௌகரியம். ரமேஷ்பாபுவை முயன்று பார்த்தேன்.

'ரமேஷ்பாபு மீசையை முறுக்கியபடி மேசையை ஓங்கி—'

அவருக்கு மீசையே கிடையாது. அக்டோபரில் போன அன்று அவரே என் மேசைக்கு வந்து, "கறி நல்லதாணோ சாரே?" என்று பணிவாகக் கேட்டார். யாரோ எழுதியதில் கொஞ்ச நாள் வியாபாரம் படுத்துவிட்டது என்றும், அதனால் சமையலுக்குக் குட்டநாட்டிலிருந்து ஆளைக் கொண்டுவந்திருப்பதாகவும் சொன்னார். என் எழுத்தை வரிக்கு வரி நம்பி அதன்படி நடந்த ஒரே வாசகர் அவர்தான். அவரை எப்படித் திட்டுவது?

சும்மா இருக்கவில்லை நான். இதழில் ஒரு திருத்தம் போடச் சொன்னேன். 'ஜூலைப் பத்தியில் குறிப்பிட்ட கறி அந்தக் கடையின் கறி அல்ல, சமையல்காரர் தமக்கென வைத்திருந்தது எனத் தெரியவருகிறது. வருந்துகிறோம்.' அன்று வாங்கிவைத்த நம்பரில், சாப்பிட்ட ஆளாகவே அதைச் சுதீருக்கு அனுப்பி, முதலாளியிடம் காட்டச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துச் சுதீர் போன் செய்தார்.

"காட்டினேன் சாரே. 'அப்போ அவ ஷாப்பு கறிய விட்டுட்டு வேற கறி கொடுத்தது சத்தியம்தானே'ன்னு கேக்கறாரு."

நான் போட்ட திருத்தமே கற்பகத்துக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அந்தத் திருத்தத்திலும் நான் அந்த வாக்கியத்தை எழுதவில்லை. கறி யாருடையது என்று எழுதினேன். எப்படி இருந்தது என்று எழுதவில்லை.)

7

இனி முடிவுகள். மூன்று செய்து வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் நான் இடக்கொச்சிக்குப் போகிறேன். ஷெட்டின் வாசலில் நின்று, 'எழுதினது நான்தாங்க' என்கிறேன். கற்பகம், 'போகட்டும் விடுங்க சார்' என்கிறார். இதை எழுதி முடித்ததும் மனம் லேசானது. அதனாலேயே இதன்மீது சந்தேகம். அவர் மன்னிப்பதை நானே எழுதி நானே வாங்கிக்கொள்கிறேன்.

இரண்டாம் முடிவில் போகிறேன், ஆனால் சாப்பிட்ட ஆளாக மட்டும் போகிறேன். 'சார்! வந்துட்டீங்களா!' என்று அவர் ஓடி வருகிறார். பக்கத்தில் செம்மீன் உரிக்கிற பெண்களைக் கூப்பிட்டு, 'நான் சொல்லல, இவருதான்' என்று காட்டுகிறார். நான் எல்லோர் முன்னாலும் அவர் குழம்பைப் புகழ்கிறேன். அவருக்கும் நிம்மதி, எனக்கும் மரியாதை. இப்படித் திருடிய மரியாதையை வைத்துக்கொண்டு அப்புறம் நான்—

இதையும் விட்டுவிட்டேன்.

மூன்றாம் முடிவில் நான் போகவே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கதை எழுதுகிறேன். நுட்பமான கதை, எண் போட்ட பகுதிகள், அடைப்புக்குறிகள். நாலு பேர் பாராட்டுகிறார்கள். கற்பகத்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆனால் செம்மீன் ஷெட்டுக்கு இணைய இதழெல்லாம் வராது.

உங்கள் கையில் இருப்பது இந்த மூன்றாம் முடிவு என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

8

சரி, அந்த வாக்கியம்.

கிண்ணத்தில் நாலு மத்தி இருந்தன. குழம்பு கெட்டியாக, மேலே நல்லெண்ணெய் பிரிந்து நின்றது. முதல் வாயிலேயே வெந்தயத்தின் லேசான கசப்பு, அப்புறம் புளிப்பு, அப்புறம் காரம் மெதுவாக. அப்பா காலமானபிறகு, அவர் ஊர்ப் பக்குவத்தில் அப்படி ஒரு குழம்பை நான் சாப்பிட்டதில்லை. கப்பை தீர்ந்தபிறகு கிண்ணத்தை விரலால் வழித்தேன். யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு விரலையும் சப்பினேன். அவர் பார்த்திருக்கிறார் என்று இப்போதுதான் தெரிகிறது.

நன்றாக இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது.

இதை எழுதியிருந்தால் தீர்ப்பு குழம்பிப்போயிருக்கும். கடைக்கு 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, சாப்பாடு அருமை என்று எப்படி எழுதுவது? பத்தி கச்சிதமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை. இருந்தால் எனக்கே ஆறுதலாக இருந்திருக்கும்.

9

இதோ கதை முடிகிற இடம். பத்தியின் வழக்கப்படி கடைசி வரியில் ஒரு கேள்வி, ஒரு சொல்லில் பதில். இந்தத் தடவை கேள்வி கள்ளுக்கடையைப் பற்றியது அல்ல. தோப்பும்படியில் பஸ் மாறினால் இடக்கொச்சி அரைமணி நேரம். ஷெட்டில் மூன்றரைக்குச் சாயா குடிக்க விடுகிறார்கள் என்று சுதீர் சொன்னார். தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்குப் போய்விட்டதால், பதிலை வாசகர்களாகிய உங்களிடமே விடுகிறேன்.

இவ்வளவும் எழுதி அம்ருதாவிடம் வாசித்துக் காட்டினேன். முடிவு அவளுக்குப் பிடிக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் அயர்ன் செய்துகொண்டிருந்த என் சட்டையை மடிக்காமல் நாற்காலியில் போட்டாள்.

"வாசகர்கிட்ட கேக்கறீங்களே, அவங்களா அந்தக் கிண்ணத்த வழிச்சாங்க? சேச்சி காத்துட்டிருக்கறது உங்களுக்காகத்தானே?"

மணி இரண்டே முக்கால்.

போகலாமா?